போர்க்கால விமானப்படைப் பணியாளரும் அவர் குடும்பமும்: சேர்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

இரண்டாம் உலகப்போரில் (1939–1945) இந்திய விமானப்படையில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் விமானம் ஓட்டியவர்கள் அல்லர். என்ஜினைப் பழுதுபார்த்தவர்கள், இறக்கையின் கிழிசலை ஒட்டியவர்கள், துப்பாக்கிகளில் தோட்டா நிரப்பியவர்கள், வயர்லெஸ் கருவியை இயக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், பண்டகசாலைக் கணக்கு எழுதியவர்கள் ஆகியோரே மிகுதி. போர் முடிந்தபோது இப்படையில் ஏறத்தாழ 28,500 பேர் இருந்தனர். அதிகாரிகள் சுமார் 1,600 பேர். அதாவது 18 பேருக்கு ஒருவர்தான் அதிகாரி. மற்ற 17 பேரும் ‘ஏர்மேன்’ எனப்பட்ட சாதாரணப் பணியாளர்கள்.

போர் வரலாறுகளில் விமானிகளின் பெயர்கள் உள்ளன. இந்த 17 பேரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்களின் வரலாறு பணிச்சான்று, பதக்கம், பழைய புகைப்படம் என்று வீட்டுப் பெட்டிகளில்தான் எஞ்சியிருக்கிறது. அந்த வரலாற்றின் மறுபாதி, அவர்கள் அனுப்பிய பணத்தையும் கடிதத்தையும் எதிர்பார்த்து வாழ்ந்த குடும்பத்தினுடையது. சேலம் நகரும் அதற்கு மேலே எழும் சேர்வராயன் மலையும், கிழக்குக் கடற்கரைப் போர்முனையிலிருந்து விலகியிருந்தும் போரின் எல்லா அழுத்தங்களையும் உணர்ந்த பகுதிகள். இந்த வரலாற்றை அங்கிருந்து பார்ப்பது பொருத்தமானது.

மலையும் அடிவாரமும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். சேர்வராயன் கோயில் அவர்களின் முதன்மை வழிபாட்டிடம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு ஐரோப்பியர்களின் தோட்டங்கள் பெருகின. 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் ஏற்காட்டை ஆங்கிலக் கல்வியின் மலைநகரங்களுள் ஒன்றாக்கின.

இதனால் ஒரே மலையில் மூன்று வேறு உலகங்கள் இருந்தன. ஒன்று தோட்ட முதலாளிகளும் ஆங்கிலப் பள்ளிகளும். இரண்டாவது, தோட்டத்தில் கூலி வேலை செய்த மக்களும் தம் சொந்த நிலத்தில் சாமை, ராகி விளைவித்த மலையாளிகளும். மூன்றாவது, மலைப்பாதையின் கீழே ரயில் சந்திப்பும் நெசவும் கடைவீதியும் உயர்நிலைப் பள்ளிகளும் கொண்ட சேலம் நகரம். போர் வந்தபோது இம்மூன்று உலகங்களையும் அது ஒரே மாதிரி தொடவில்லை. விமானப்படையில் யார் சேர முடிந்தது என்பதையும் இந்த வேறுபாடே தீர்மானித்தது.

சிறிய படை

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி நிறுவப்பட்டது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு நிலையத்தில் நான்கு வாப்பிட்டி விமானங்களுடன் தொடங்கியது. அன்று அதில் 6 அதிகாரிகளும் 19 ‘ஹவாய் சிப்பாய்’களும் இருந்தனர். ஹவாய் என்பது காற்றைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. தரைப்பணியாளர்களுக்கு வழங்கிய முதல் பெயர் இதுவே.

அந்தத் தொடக்ககாலச் சிப்பாய்களுள் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் பொறியியல் படித்தவராக இருந்தும் அதிகாரியாக அல்லாமல் சிப்பாயாகவே சேர்ந்தார். போர்க்காலத்தில் அதிகாரியாக உயர்வு பெற்றார். பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாகி, விமானப்படையின் பராமரிப்புப் பிரிவுக்கே தலைமை தாங்கினார். ஆனால் அவர் விதிவிலக்கு. அவரோடு பணிபுரிந்த பெரும்பாலோர் சாதாரணப் பணியாளர்களாகவே வந்து, அப்படியே வீடு திரும்பினர்.

போர் தொடங்கிய 1939-இல் படையில் ஒரே ஒரு முழு ஸ்குவாட்ரனும் சில நூறு பேரும் மட்டுமே இருந்தனர். ஆறு ஆண்டுகளில் அது ஒன்பது ஸ்குவாட்ரன்களாக வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்குத் தேவைப்பட்ட பல்லாயிரம் கைகளை நாடெங்கிலுமிருந்து திரட்ட வேண்டியிருந்தது.

யார் சேர முடிந்தது?

தரைப்படை ஆட்சேர்ப்பில் பிரிட்டிஷ் அரசு நீண்டகாலம் ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையைப் பின்பற்றியது. பஞ்சாபியர், கூர்க்கர், பட்டாணியர் போன்றோரே போருக்கு ஏற்றவர் என்பது அதன் அடிப்படை. சென்னை மாகாணத்தவர் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டனர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1928-இல் கலைக்கப்பட்டது. உலகப்போரின் தேவை வந்த பிறகுதான் அது மீண்டும் உருவாக்கப்பட்டது.

விமானப்படை வேறுவிதமானது. அங்கே மார்பளவைவிட முக்கியமானது படிப்பு. இயந்திரக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அளவுகருவியைப் படிக்கவும், அறிக்கை எழுதவும், வயர்லெஸ் குறிப்புகளைப் பதிவுசெய்யவும் ஆங்கிலம் தேவைப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வு வரை படித்து, வேலை கிடைக்காமல் இருந்த இளைஞர்கள் சென்னை மாகாணத்தில் நிறைய இருந்தனர். 1930-களின் பொருளாதார மந்தம் அவர்களின் குமாஸ்தா வேலைக் கனவைக் குலைத்திருந்தது. அத்தகைய இளைஞருக்கு விமானப்படை மூன்று வேளை உணவும், மாதச் சம்பளமும், ஒரு தொழிலும் தரும் இடமாகத் தெரிந்தது.

எனவே சேலம் போன்ற நகரத்தின் உயர்நிலைப் பள்ளியில் படித்தவருக்கு இக்கதவு திறந்திருந்தது. ஏற்காட்டின் ஆங்கிலப் பள்ளிகளில் படித்த ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய இளைஞர்களுக்கும் அது எளிதாகத் திறந்தது. அதே மலையில் தோட்டக் கூலியாக இருந்தவருக்கோ, உயர்நிலைப் பள்ளியே எட்டாத மலைக்கிராமத்தவருக்கோ அக்கதவு திறக்கவில்லை. நாட்டுக்காகப் போரிடும் வாய்ப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்று, நடைமுறையில் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையிலான கோட்டையே பின்பற்றியது.

பயிற்சி நிலையங்களில் பல வடக்கே இருந்தன. தமிழ் மட்டுமே சூழ்ந்த ஊரிலிருந்து சென்றவர் கராச்சி, லாகூர், அம்பாலா போன்ற இடங்களின் குளிரையும் கோதுமை ரொட்டியையும் இந்துஸ்தானியையும் ஒரே நேரத்தில் பழக வேண்டியிருந்தது. பிட்டர், ரிக்கர், ஆர்மரர், வயர்லெஸ் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், போட்டோகிராபர் என அவரவர் தகுதிக்கேற்பத் தொழில் பிரிக்கப்பட்டது. பிட்டர் என்ஜினுக்குப் பொறுப்பு. ரிக்கர் விமானத்தின் உடலுக்கும் இறக்கைக்கும் பொறுப்பு. ஆர்மரர் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் பொறுப்பு.

1942: போர் கரைக்கு வருகிறது

1942 தொடக்கம் வரை தமிழகத்தில் போர் என்பது செய்தித்தாள் விஷயமாகவே இருந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. இடையில் ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. ரயில்களில் இடமின்றி மக்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். சென்னையில் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். அதுவும் ஒற்றை விமானத்தின் தாக்குதல்தான்.

போரின் முதல் ஆண்டுகளில் கடற்கரையைக் காத்தவை ‘கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள்’. இவற்றில் முதலாவது சென்னையில் இருந்தது. பழைய வாப்பிட்டி போன்ற விமானங்களில் துறைமுகத்துக்கு வெளியே சுற்றிவந்து கப்பல்களுக்குக் காவல் புரிந்தது. 1942-க்குப் பிறகு நிலை மாறியது. தமிழகம் முழுவதும் ஓடுதளங்கள் அமைக்கப்பட்டன. தாம்பரம், பரங்கிமலை, அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, தஞ்சாவூர், கயத்தாறு, சூலூர் முதலிய இடங்கள் விமானத்தளங்களாயின. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கின. பிற்காலத்தில் கார் பந்தயத்துக்குப் புகழ்பெற்ற சோழவரம் ஓடுதளமும் இக்காலத்தின் எச்சமே.

சேலத்துக்கு வடக்கே பெங்களூரில், 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பெரும் பழுதுபார்ப்பு மையமாக இயங்கியது. தெற்கே திருச்சியில் புதிய ஸ்குவாட்ரன்கள் உருவாயின. சேர்வராயன் மலை இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது.

திருச்சியில் உருவான இரு ஸ்குவாட்ரன்கள்

1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில் இந்திய விமானப்படையின் 6-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் உருவாக்கப்பட்டன. அதே நாளில் 7-ஆம் ஸ்குவாட்ரன் விசாகப்பட்டினத்தில் உருவானது. கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் கலைக்கப்பட்டு, அவற்றின் ஆட்கள் புதிய ஸ்குவாட்ரன்களுக்கு மாற்றப்பட்டனர். 6-ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஹரிக்கேன் விமானங்களும், 8-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அமெரிக்கத் தயாரிப்பான வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானங்களும் வழங்கப்பட்டன.

6-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் மெஹர் சிங். 1943 நவம்பரில் இந்த ஸ்குவாட்ரன் இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குச் சென்று அரக்கான் போர்முனையில் ஈடுபட்டது. எதிரியின் நிலைகளைத் தாழப் பறந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் அதன் பணி. பதினான்காம் இராணுவத்தின் கண்கள் என்று அது பாராட்டப்பட்டது. மெஹர் சிங் டி.எஸ்.ஓ. விருது பெற்றார். உலகப்போரில் இவ்விருதைப் பெற்ற ஒரே இந்திய விமானப்படை அதிகாரி அவர்தான்.

அந்தக் கண்கள் திறந்திருக்கத் தரையில் பலர் விழித்திருக்க வேண்டியிருந்தது. விமானி கொண்டுவந்த படச்சுருளைக் கூடாரத்து இருட்டறையில் கழுவி, உலர்த்தி, அச்சிட்டுத் தரும் போட்டோ பிரிவு இல்லாமல் அந்தப் பறத்தலுக்குப் பயனில்லை.

ஒரு கையெழுத்தின் கனம்

ஹரிக்கேன் விமானத்தின் மெர்லின் என்ஜினில் 12 சிலிண்டர்கள். உடலின் பின்பகுதி மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. இந்த ஸ்குவாட்ரனிடம் இருந்த வகையில் இரு இறக்கைகளிலுமாக 12 இயந்திரத் துப்பாக்கிகள் வரை பொருத்த முடியும். ஒவ்வொரு நாளும் விடியுமுன் என்ஜினைத் திறந்து பார்த்து, குளிர்விக்கும் திரவத்தின் அளவைச் சோதித்து, சக்கரத்தின் காற்றைப் பார்த்து, துணியில் கிழிசல் இருந்தால் ஒட்டுப்போட்டு மேலே ‘டோப்’ என்ற பசையைப் பூச வேண்டும். வெப்பத்திலும் மழையிலும் துணியும் பசையும் விரைவில் கெட்டன. அரக்கானில் பருவமழை தொடங்கினால் ஓடுதளமே சேறாகும்.

சோதனை முடிந்ததும் ‘படிவம் 700’ என்ற பதிவேட்டில் பிட்டர், ரிக்கர், ஆர்மரர் எனத் தொழிலுக்கு ஒருவர் கையெழுத்திடுவர். கடைசியில் விமானி கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்த இந்த முறை எளிமையானது, ஆனால் கடுமையானது. விமானம் திரும்பவில்லை என்றால் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது இப்பதிவேடுதான். இருபது வயதைத் தாண்டாத ஒரு பிட்டரின் கையெழுத்தை நம்பியே, அவரைவிட மிக உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் வானில் ஏறினார். சம்பளத்திலும் தங்குமிடத்திலும் உணவுக்கூடத்திலும் அதிகாரிக்கும் பணியாளருக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி இந்த ஒரு தாளில் மட்டும் இல்லாமல் போனது.

ஆபத்து வானில் மட்டும் இருக்கவில்லை. 1943-இல் பர்மா எல்லையில் போர்க்காயத்தால் வீழ்ந்தவர்களைவிட மலேரியா, வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களால் வீழ்ந்தவர்கள் பல மடங்கு. கொசுவலையும், தோலை மஞ்சளாக்கும் மெபாக்ரின் மாத்திரையும் அன்றாட ஒழுங்கின் பகுதிகளாயின.

வீடு: மணியார்டர், கடிதம், தந்தி

பட்டாளத்துக்குப் போனவர் என்று ஊர் ஒருவரைக் குறிப்பிடும்போது, அவர் எந்தப் படையில் என்ன வேலை செய்கிறார் என்பது வீட்டாருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது. கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. இருக்கும் இடம், விமானத்தின் வகை, நடந்த சண்டை எதையும் எழுதக்கூடாது. எனவே எல்லாக் கடிதங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்தன: நான் நலம், அங்கு நலமா, பணம் வந்ததா. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் தபால்காரரோ பள்ளி ஆசிரியரோ அதைப் படித்துக் காட்டுவார். மனைவி சொல்ல நினைத்ததை எழுதுபவரும் வெளியாளே. கணவன் மனைவிக்கிடையே நடந்த பேச்சு, இரு முனையிலும் அந்நியர் கண்களின் வழியாகவே கடந்தது.

படைப்பணியாளர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்க முடியும். அது மணியார்டராக வீடு சேரும். யார் பெயருக்கு ஒதுக்குவது என்பது பல வீடுகளில் சிறிய விஷயமல்ல. கூட்டுக்குடும்பத்தில் தந்தை பெயருக்கா, தாய் பெயருக்கா, மனைவி பெயருக்கா என்ற முடிவு, அந்த வீட்டில் யார் கையில் சாவி இருக்கும் என்பதையும் முடிவுசெய்தது. மனைவி பெயருக்கு வந்த பணத்துக்கு அவரே கைநாட்டு வைத்து வாங்க வேண்டியிருந்தது. அரசுத் தாள் ஒன்றில் தன் பெயருக்கு நேராகத் தன் விரலைப் பதித்த முதல் அனுபவம் பல பெண்களுக்கு இதுவாகவே இருந்திருக்கும்.

வந்த பணத்தின் மதிப்போ நாளுக்கு நாள் குறைந்தது. பர்மா வீழ்ந்ததால் பர்மா அரிசி நின்றது. பர்மா எண்ணெயும் நின்றதால் மண்ணெண்ணெய் அரிதானது. 1943 முதல் சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு படிப்படியாக வந்தது. ரேஷன் என்ற சொல் அன்றாடத் தமிழில் நிலைத்தது இக்காலத்தில்தான். துணிக்கும் நூலுக்கும் 1943-இல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கைத்தறியை நம்பிய சேலத்துக்கு நூல் தட்டுப்பாடு நேரடி அடி. உலோகத்தை மிச்சப்படுத்த அரசு 1940-இல் ஒரு ரூபாய்த் தாளை மீண்டும் வெளியிட்டது. 1943-இல் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா புழக்கத்துக்கு வந்தது. குழந்தைகள் நூலில் கோத்து விளையாடிய அந்தக் காசு, போர் ஒவ்வொரு வீட்டின் அஞ்சறைப்பெட்டி வரை வந்துவிட்டதன் அடையாளம்.

தந்தி என்றால் அச்சம். நல்ல செய்தி கடிதத்தில் வரும், கெட்ட செய்தி தந்தியில் வரும் என்பது அக்காலத்து நம்பிக்கை. காணவில்லை என்ற சொல்லோடு வந்த தந்தி, இறந்தார் என்பதைவிடக் கொடியது. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்பதை எந்த அலுவலகமும் சொல்லித்தராது.

ஒரே குடும்பம், எதிரெதிர்ப் படைகள்

இத்தகைய குடும்பத்தின் சங்கடம் பணத்தோடும் பயத்தோடும் முடியவில்லை. 1939-இல் இந்தியரைக் கேட்காமல் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து அரசியலுக்கு வந்த ராஜாஜியின் தலைமையிலான மாகாண அரசு பதவி விலகியது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. ஊரில் பிள்ளைகள் சிறை செல்லும்போது தன் பிள்ளை அரசின் சீருடையில் இருப்பதை ஒரு தாய் எப்படி விளக்குவார்? வயிற்றுப்பாடு என்பதே பெரும்பாலும் பதிலாக இருந்தது.

மலேயா தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே ஆள் சென்ற மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர் ஆகியவற்றோடு சேலமும் ஒன்று. சிங்கப்பூர் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த கடிதமும் பணமும் நின்றன. மலேயாவில் இருந்த தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1944 தொடக்கத்தில் அந்த இராணுவத்தின் பிரிவுகள் அரக்கானிலும் இருந்தன. திருச்சியில் உருவான 6-ஆம் ஸ்குவாட்ரன் அதே அரக்கானின் மேல் பறந்துகொண்டிருந்தது. ஒரே மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்ட இருவர், ஒரே காட்டின் இரு பக்கங்களில் நிற்க நேர்ந்தது கற்பனையல்ல. இவ்வரலாற்றின் இயல்பான விளைவு.

மலைமேல் போர்

ஏற்காட்டில் குண்டு விழவில்லை. போர் அங்கே காப்பி விலையாக வந்தது. ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டதால் இந்தியக் காப்பி விற்க வழியின்றித் தேங்கியது. தோட்டத்தொழிலைக் காக்க அரசு 1940-இல் காப்பிச் சந்தை விரிவாக்க வாரியத்தை அமைத்தது. 1942-இல் அது சட்டமானது. விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் சேர்த்து வாரியமே விற்கும் முறை வந்தது. போருக்காக வந்த இந்த ஏற்பாடு 1990-கள் வரை நீடித்தது. உள்நாட்டில் காப்பி குடிப்போரைப் பெருக்கும் முயற்சியும் இதனோடு இணைந்தது.

இம்மலையின் மண்ணில் பாக்சைட் உள்ளது. விமானத்தின் உடலுக்குத் தேவையான அலுமினியத்தின் மூலத்தாது அதுவே. ஆனால் சேர்வராயன் பாக்சைட்டைப் பயன்படுத்திய மேட்டூர் அலுமினிய ஆலை உற்பத்தி தொடங்கியது 1960-களில்தான். போர்க்காலத்தில் இந்த மலை விமானங்களுக்குத் தந்தது உலோகத்தை அல்ல, அடிவாரத்து மனிதர்களை.

திரும்பி வருதல்

1945 மார்ச்சில் படைக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி வழங்கப்பட்டது. ஆகஸ்டில் போர் முடிந்தது. ஆனால் வீடு திரும்புதல் உடனே நடக்கவில்லை. 1946 ஜனவரியில் கராச்சியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பணியாளர்கள் தம்மை ஊருக்கு அனுப்பத் தாமதிப்பதைக் கண்டித்து வேலைநிறுத்தம் செய்தனர். அது பல நிலையங்களுக்குப் பரவியது. இந்திய விமானப்படைப் பணியாளர்களும் சம்பள வேறுபாடு, உணவு, நடத்தப்படும் விதம் ஆகியவற்றைக் கண்டித்துப் பணி நிறுத்தினர். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தொடங்கிய கடற்படை எழுச்சி பாடநூல்களில் இடம்பெற்றது. அதற்கு முன்னும் உடனும் நடந்த விமானப்படைப் பணியாளர்களின் எதிர்ப்பு அந்த அளவு நினைக்கப்படுவதில்லை.

படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. இன்று தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பட்டதாரிகள் பதிவுசெய்யும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொடக்கம் இதுதான். மெர்லின் என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு ஊரில் அதற்கு நிகரான வேலை இல்லை. பேருந்துப் பணிமனை, ரயில்வே, நெசவாலை, வானொலி பழுதுபார்க்கும் கடை போன்றவையே அருகில் இருந்த வாய்ப்புகள்.

படையில் தொடர்ந்தவர்களுக்கு 1947-இல் இன்னொரு பிரிவு காத்திருந்தது. நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. டிரிக் ரோடு, கோஹாட் போன்ற பழைய நிலையங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. பல ஆண்டுகள் ஒரே விமானத்தில் வேலை செய்த பிட்டரும் ரிக்கரும் வெவ்வேறு நாட்டினராயினர்.

குறுகிய காலம் மட்டும் பணியாற்றி வெளியேறியவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சுதந்திர இந்தியாவில் அவர்கள் விடுதலைப் போராட்டத் தியாகிகளும் அல்லர், ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களும் அல்லர். பின்னாளில் ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாதாந்திர நிதியுதவி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அதைப் பெறப் பணிச்சான்று தேவைப்பட்டது. கணவர் என்றோ பெட்டியில் போட்டுவைத்த ஒரு தாள், முதிய பெண்ணின் வாழ்வாதாரமானது. அதைத் தொலைத்த குடும்பங்களுக்கு ஆறு ஆண்டுகளின் உழைப்பு சான்றில்லாத கதையாகிவிட்டது.

பெட்டியில் இருப்பதைப் படிக்கும் முறை

திரும்பாதவர்களின் பெயர்கள் கல்லில் உள்ளன. தெற்கு, கிழக்கு ஆசியாவின் மேல் பறந்து, உடல் கிடைக்காமல் போன காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு மொத்தம் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க் கல்லறையும் உண்டு. உயிரோடு திரும்பியவர்களுக்குத்தான் கல் இல்லை.

அவர்களின் வரலாற்றை வீட்டிலுள்ள பொருள்களிலிருந்து ஓரளவு மீட்க முடியும். 1939–45 போர்ப் பதக்கம், குறைந்தது 28 நாள் முழுநேரப் பணிபுரிந்தவருக்கு உரியது. இந்தியப் பணிப் பதக்கம், போர்முனைக்கு வெளியே இந்தியாவில் மூன்று ஆண்டு பணிபுரிந்ததைக் காட்டும். பர்மா நட்சத்திரம் இருந்தால், அவர் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் கிழக்குப் போர்முனையில் இருந்தார் என்று பொருள். பணிச்சான்றில் தொழில், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், நடத்தை ஆகியவை இருக்கும். புகைப்படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் ஊரைக் கண்டறியலாம். தணிக்கை முத்திரையுள்ள ஓர் உறையே போதும், அவர் சொல்லாமல் விட்ட கதை எங்கே தொடங்குகிறது என்று அறிய.

படிவம் 700-இன் தாள்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. மணியார்டர் ரசீதுகளும் அவ்வாறே. ஒன்றில் ஓர் ஆண் தன் கையெழுத்தால் இன்னொருவரின் உயிருக்குப் பொறுப்பேற்றார். மற்றதில் ஒரு பெண் தன் கைநாட்டால் ஒரு வீட்டின் பிழைப்பை ஏற்றுக்கொண்டார். சாதாரண விமானப்படைப் பணியாளரின் வரலாறு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுமை பெறுகிறது. சேலம், ஏற்காடு வீடுகளில் இன்றும் திறக்கப்படாமல் இருக்கும் பழைய தகரப்பெட்டிகள் அதனாலேயே ஆவணக் காப்பகங்களுக்கு நிகரானவை.